மாக்கோலம் ஒட்டாத தரை

தரை தேய்க்கும் மெஷினை எப்படிப் பிடிப்பது, எந்தக் கல்லுக்குப் பிறகு எந்தக் கல், ஓர் அறைக்கு எத்தனை வாளித் தண்ணீர் என்பதையெல்லாம் சேகர் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடம் இந்த வேலையில் இருந்தும் நான் பாலிஷ் மெஷினைத் தொட்டது மொத்தம் மூன்று முறை. மூன்று முறையும் அது என்னைச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனது. என் வேலை வேறு. வீடு வீடாகப் போய்த் தரையைப் பார்ப்பது, வீட்டுக்காரரிடம் பேசுவது, அந்தத் தரைக்கு என்ன தேவை, எது தேவையில்லை என்று முடிவு செய்வது. போன மாதத்தோடு அதையும் நிறுத்திக்கொண்டேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. வந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். ஆனாலும் இன்றும் ஈரத்தரையில் யாராவது வேகமாக நடக்கும் சத்தம் கேட்டால், என் கை தானாக நீண்டு பக்கத்திலிருக்கும் கதவைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் வேலையில் ஒரு போதை இருக்கிறது. பளபளப்பு. இருபது வருடமாக மங்கிக் கிடந்த மொசைக் தரையில் ட்யூப் லைட்டின் வெளிச்சம் நீளமாக விழும்போது, வீட்டுக்காரர் குழந்தை மாதிரி குனிந்து பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த வீட்டிலும் அதையே தேடுவோம். நானும் தேடினேன். பல வருடங்களுக்கு முன் கீழ்க்கட்டளையில் ஒரு சிவப்பு சிமென்ட் தரை. அந்த வீட்டு அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து முடித்ததும், மேலே வாக்ஸ் போட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்றேன்.

“கண்ணாடி பீரோல இருக்கும்மா. முகம் பார்க்கணும்னா அங்க பார்த்துக்கறேன்.”

நான் விடவில்லை. மாதிரிக்கு ஒரு மூலையில் மட்டும் போட்டுக் காட்டினேன். அவர் குழாயடிக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டு வந்து அந்த மூலையில் நின்றார். குதிகாலை ஒருமுறை முன்னால் தள்ளிப் பார்த்தார்.

“எடுத்துடும்மா. எங்க வீட்டுக்காரர் பாத்ரூம்லேர்ந்து ஈரக்காலோட நேரா இங்கதான் வருவார். உடைஞ்ச இடுப்பு நான் நிறையப் பார்த்தாச்சு.”

திரும்பி வரும்போது வண்டியில், ரசனையே இல்லாத அம்மா என்று சேகரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி அந்த ஞாயிறு.

என் மகள் நித்யா கல்யாணமாகிப் பெருங்களத்தூரில் இருக்கிறாள். முதல் முறை உண்டானது மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. இரண்டாம் முறை நின்றபோது எங்கள் வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. தினமும் காலையில் அவள் போனை எடுத்து “நல்லா இருக்கேம்மா” என்று சொல்லும்வரை எனக்குக் காப்பி இறங்காது. ஏழாம் மாதம் பிறந்த பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. வளைகாப்பை மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்தோம்.

எங்கள் ஹால் மொசைக் தரை. மாமனார் காலத்தில் போட்டது. ஊரார் தரையை எல்லாம் கவனித்த நான் என் வீட்டுத் தரையைக் கவனிக்கவில்லை. அது மங்கி, சோபா கிடந்த இடத்தில் மட்டும் பழைய நிறத்தோடு இருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாற்பது பேர் வருவார்கள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே வந்ததும் முதலில் கீழேதான் பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை சேகர் ஆட்களோடு வந்தார். கல் வேலை முடிந்து, கழுவித் துடைத்தபோதே ஹால் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைச் சில்லும் கறுப்புச் சில்லும் தனித்தனியாகத் தெரிந்தன.

“வாக்ஸ் எடுங்க சேகர்.”

“வாக்ஸ் இன்னாத்துக்கு அக்கா? கல்லே சொம்மா மின்னிகினு கீது.”

“நம்ம வீட்டு ஃபங்ஷன். ஒரு கோட் போடுங்க.”

போட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். போதவில்லை.

“இன்னொரு கோட்.”

“வேணாம் அக்கா. நடக்கறவங்களுக்கு பேஜாராய்டும்.”

“நாற்பது பேர் நடுவுல நான் தலைநிமிர்ந்து நிக்கணும் சேகர். போடுங்க.”

நான் சொன்னதில் தரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளியும் சனியும் நாற்காலிகளைப் போட்டு ஹாலை மறித்துவைத்தேன். என் கணவர் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குக் கொல்லைப்புறமாகச் சுற்றிப்போய் வந்தார். “மியூசியத்துல குடியிருக்கேன்” என்று போனில் தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, அந்தத் தரையில் ஞாயிற்றுக்கிழமை காலைவரை ஒருவரும் நடக்கவில்லை. அது எப்படிப்பட்ட தரை என்று எனக்கே தெரியாது.

ஞாயிறு ஏழரை மணிக்குச் சம்பந்தி அம்மா வந்து இறங்கினார். நித்யாவும் மாப்பிள்ளையும் பின்னால் காரில் வருவதாக இருந்தது. இவர் மட்டும் மின்சார ரயிலில் ஒரு ஸ்டேஷன் வந்து, கையில் ஒரு தூக்குவாளியோடு நின்றார். வாளியில் பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்த மாவு. மருமகள் உட்காரப்போகும் மணையின் கீழே மாக்கோலத்தைத் தானேதான் போடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். கணக்கு டீச்சராக இருந்தவர். அவர் கோலத்தில் ஒரு இழை இன்னொன்றைவிடத் தடித்து நான் பார்த்ததில்லை.

நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

“சம்பந்தி, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்.”

போனேன். ஹாலின் நடுவே குந்தி உட்கார்ந்து, மாவில் நனைத்த துணியைப் பிழிந்து விரல் வழியாக இழை விட்டுக்கொண்டிருந்தார். விழும்போது இழையாகத்தான் விழுந்தது. விழுந்த மறுநொடி துண்டு துண்டாக அறுந்து, ஒவ்வொரு துண்டும் உருண்டு திரண்டு சொட்டாக நின்றது. தாமரை இலையில் தண்ணீர் நிற்குமே, அப்படி. தாமரை போட வேண்டிய இடத்தில் ஜவ்வரிசி கொட்டிவைத்த மாதிரி இருந்தது.

“மாவு தண்ணியா போச்சோ?” என்றேன்.

“நான் கணக்கு டீச்சர். எனக்கு அளவு தப்பாது. உங்க தரைதான் குடிக்க மாட்டேங்குது.”

துடைக்கத் துணி எடுக்க எழுந்தார். குதிகால் ஒரு மாவுச் சொட்டில் பட்டது. ஒரு கை நீளத்துக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு போய், பக்கத்தில் வைத்திருந்த மணைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு அவரே முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

“நானே உட்கார்ந்துட்டேன். வளையலைக் கொண்டாங்க. எனக்கே போட்டு அனுப்பிடுங்க.”

என் கணவர் சமையலறை வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சம்பந்தியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நலங்கை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம் ஒன்றுதான். வளையல் போடும் முன் மஞ்சளையும் சந்தனத்தையும் பன்னீரில் குழைத்துப் பெண்ணின் பாதத்தில் நலங்கு வைப்போம். வந்திருக்கும் சுமங்கலிகள் ஒவ்வொருவராக வைப்பார்கள். பாதம் முழுவதும் ஈரமாகிவிடும். அந்தக் காலோடு அவள் எழுந்து, சாமி அறைவரை நடந்து விளக்கை வணங்கவேண்டும். பிறகு வரிசையாகப் பெரியவர்கள் முன்னால் குனிந்து எழவேண்டும். ஏழு மாத வயிற்றோடு. தண்ணீரைக்கூட ஒட்டவிடாத ஒரு தரையில்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் எத்தனையோ வீடுகளில் நின்று, இது வேண்டும் அது வேண்டாம் என்று சொன்னவள், என் பெண்ணுக்கு நானே இதைப் போட்டுவைத்திருந்தேன். நாற்பது பேர் பார்க்கவேண்டும் என்பதற்காக.

மணி எட்டாகப் பத்து நிமிடம். நல்ல நேரம் பத்தரைக்கு.

என் கணவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசனை சொல்ல ஆரம்பித்தார். மாடிக்கு மாற்றிவிடலாமா என்றார். பத்தொன்பது படி, கைப்பிடி இல்லாத படிக்கட்டு. முடியாது. ஜமுக்காளத்தை விரித்துவிடலாம் என்றார். விரித்து, ஓரத்தில் காலை வைத்து லேசாகத் தள்ளினேன். ஜமுக்காளம் சுருண்டுகொண்டு டி.வி. ஸ்டாண்டு வரை போனது. வாக்ஸ் தரையில் துணி விரித்தால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். மூன்றாவதாகச் சொன்னார்:

“பாத்ரூம் கழுவற ஆசிட் ஒரு பாட்டில் இருக்கு. ஊத்தித் தேய்ச்சா போயிடுமில்ல?”

“அந்த பாட்டில் பக்கம் போனீங்கன்னா, வளைகாப்புக்கு நீங்க இருக்க மாட்டீங்க.”

நான் படித்தது கெமிஸ்ட்ரி. ஆசிட் வாக்ஸை விட்டுவிட்டு, மொசைக் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிமென்டைத் தின்னும். அதன் நெடி சாயங்காலம்வரை வீட்டில் நிற்கும். பிள்ளைத்தாய்ச்சி மூச்சுவிடவேண்டிய வீடு. பதற்றத்தில் இருப்பவருக்குக் கையில் எது வலுவாகத் தெரிகிறதோ அதுதான் மருந்தாகத் தோன்றும். வேலையில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது இதுதான்.

ஒரு யோசனை எனக்கே வந்தது, அது இன்னும் மோசமானது. முழு ஹாலையும் தொடாமல் நித்யா நடக்கும் பாதையில் மட்டும் வாக்ஸை எடுத்துவிட்டால் என்ன? வாசலிலிருந்து மணைவரை, மணையிலிருந்து சாமி அறைவரை. அரை மணி நேர வேலை. கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். பிறகுதான் தோன்றியது: பிடிமானம் உள்ள தரையில் நான்கு அடி நடந்து பழகிய கால், ஐந்தாவது அடியில் வாக்ஸில் இறங்கினால்? கால் ஒரு தரையை நம்பிவிட்டால் அதே நம்பிக்கையோடுதான் அடுத்த அடியை வைக்கும். முழுக்க எடுக்கவேண்டும். இல்லையென்றால் நிகழ்ச்சியே இந்த வீட்டில் கூடாது.

சேகருக்குப் போன் செய்தேன். பிறகு மாப்பிள்ளைக்கு.

“கிளம்பிட்டோம் அத்தை. ஆனா பெருங்களத்தூர்லயே நிக்கறோம். முகூர்த்த நாள் இல்லையா, ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க கல்யாண வண்டி.”

“ரொம்ப நல்லது.”

“என்ன அத்தை?”

“இல்ல, அவசரமே இல்லன்னு சொல்றேன். ஒன்பதரைக்கு மேல வந்தா போதும். வழியில அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுங்க.”

நித்யா போனைப் பிடுங்கினாள். “அம்மா, நீ என்னமோ பண்ணி வெச்சிருக்க.”

“ஒண்ணுமில்லடி. கோலம் காயணும்.”

கால் மணி நேரத்தில் சேகர் வந்துவிட்டார். விருந்துக்கென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு கையில் வாளியும் சலவை சோடாவும், இன்னொரு கையில் தேங்காய் நார்க் கட்டு. ஹாலை ஒருமுறை பார்த்தார். சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டினார்.

“போட்டதும் நாந்தான், எடுக்கறதும் நாந்தான். டபுள் டூட்டி அக்கா.”

சுடுதண்ணீரில் சோடாவைக் கரைத்து ஊற்றுவது, சற்று ஊறவிட்டு நாரால் தேய்ப்பது, வழித்தெடுப்பது, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுவது. வேலை இவ்வளவுதான். ஆனால் சோடாத் தண்ணீர் நிற்கும்போது அந்தத் தரை இன்னும் மோசமாக வழுக்கும் என்பதால், யாரும் எழுந்து நிற்கக் கூடாது, முழங்காலில்தான் நகரவேண்டும் என்றேன். சம்பந்தியைக் கட்டிலில் போய் உட்காரச் சொன்னேன். அவர் அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹாலின் சதுர மொசைக் கற்களை வரிசை வரிசையாக எண்ணி முடித்திருந்தார்.

“ஆளுக்கு ஆறு வரிசை. அவங்கவங்க வரிசையை மட்டும் பாருங்க. பக்கத்துல எட்டிப் பார்க்கக் கூடாது.”

நாங்கள் நான்கு பேரும் சுவரோரமாக மண்டியிட்டோம். பட்டுப்புடவை கட்டவேண்டிய காலையில் பழைய நைட்டியோடு நான், பனியனோடு என் கணவர், தோள்வரை நனைந்த சேகர். ஒரு வரிசை முடிந்ததும் சம்பந்தி தூக்குவாளியோடு நகர்ந்து வந்து, அதில் ஒரு சின்ன இழை விட்டுப் பார்ப்பார். இழை இழையாகவே நின்றால் பாஸ். உருண்டால் ஃபெயில்.

இருபது வருடமாக நாங்கள் ஸ்பூனால் தரையில் தண்ணீர் விட்டு, உருள்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் அது. ஆனால் மாவு இன்னும் கறாராகக் காட்டியது. என் கணவர் இரண்டு வரிசையில் ஃபெயில் ஆனார்.

“டீச்சர், அரை மார்க் போட்டுவிடுங்களேன்.”

“வழுக்கறதுல ஏதுங்க அரை? திரும்பத் தேயுங்க.”

சேகர் தரையில் கையை ஊன்றிக்கொண்டு அப்படிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். பயம் அப்படியே இருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு இரண்டும் ஒன்றாக இருந்தன.

அருகருகே தேய்த்துக்கொண்டிருந்தபோது, “நீங்க அன்னிக்கே சொன்னீங்க சேகர்” என்றேன்.

அவர் ஒரு கல்லைத் தேய்த்து முடித்த பிறகு, “சொல்லிகினே போட்டேனே அக்கா. கைய நிறுத்தியிருக்கணும்” என்றார்.

உங்களுக்கு நான் விட்டுப் போவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். கடைசி கோட் போடும் முன், அந்த வீட்டில் ஈரக்காலோடு யார் நடப்பார்கள் என்று கேளுங்கள். செருப்பைக் கழற்றி, காலை நனைத்துக்கொண்டு நீங்களே நடந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்காரர் போடச் சொன்னால், கையை நிறுத்துங்கள். அந்த வீட்டுக்காரர் அலுவலகத்தில் உங்களுக்கு மேலே இருப்பவராக இருந்தாலும் சரி. நானாக இருந்தாலும் சரி. சேகர் அன்று கையை நிறுத்தியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதானே.

ஒன்பது இருபதுக்குக் கடைசி வரிசையும் பாஸானது. இரண்டு மின்விசிறியையும் முழு வேகத்தில் வைத்தோம். தரை காயக் காய அதன் முகம் வெளுத்தது. வியாழக்கிழமை இருந்த பளபளப்பு எங்கேயும் இல்லை. அங்கங்கே மேகம் மாதிரி திட்டுத் திட்டாகக்கூட இருந்தது. சம்பந்தி மறுபடி குந்தி உட்கார்ந்து இழை விட்டார். விட்ட இழை விட்ட இடத்தில் நின்றது. தாமரை முடிந்து செம்மண் கரை கட்டும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது.

நித்யா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே பார்த்தாள்.

“பாலிஷ் போட்டேன்னு சொன்னியேம்மா? அப்படியேதான் இருக்கு.”

நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் கணவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாற்பது பேரும் வந்தார்கள். எதிர்பார்த்தபடியே கீழே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர், “ஊர்த் தரையெல்லாம் மின்ன வைக்கறாங்களாம், சொந்தத் தரையைப் பாரு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. சம்பந்திக்கும் கேட்டுவிட்டது.

“அந்த மாதிரி மங்க வைக்கறதுக்கு நாலு பேர் முட்டி தேய்ஞ்சிருக்கு அக்கா. சும்மா வராது அது” என்றார்.

நலங்கு வைத்தார்கள். ஒன்பது பேர், ஒன்பது கை. நித்யாவின் பாதம் கணுக்கால்வரை மஞ்சளாகப் பளபளத்தது. வளையல்கள் முழங்கைவரை ஏறின. எழுந்தாள். நான் இரண்டு கைகளையும் நீட்டியபடி அவள் பின்னாலேயே போனேன், குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி.

“கையை இறக்கும்மா. எல்லாரும் பார்க்கறாங்க.”

இறக்கினேன். அவள் சாமி அறைவரை நடந்தாள். குனிந்தாள், எழுந்தாள். திரும்பி வந்து பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து எழுந்தாள். ஒவ்வொரு முறை எழும்போதும் வளையல் சத்தத்துக்கு நடுவே நான் மூச்சுவிட்டேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள், பதினாலு.

இரண்டரை மாதம் கழித்துப் பேத்தி பிறந்தாள். நான் சைட்டுக்குப் போவதை நிறுத்தியதற்கு அவள்தான் காரணம், முட்டி வலி இல்லை. அலுவலகத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

வளைகாப்புக்கு மறுநாள், விட்டுப்போன வாளியை எடுத்துப் போகச் சேகர் வந்தார். ஹாலில் நுழைந்ததும் நின்றுவிட்டார். மணை இருந்த இடத்திலிருந்து சாமி அறைவரை மஞ்சள் காலடிகள். வாக்ஸ் இருந்திருந்தால் ஈரத்துணியில் துடைத்தாலே போயிருக்கும். இப்போது தரை குடித்துவிட்டது.

“உள்ள எறங்கிட்டா அப்புறம் கஷ்டம் அக்கா. இப்பவே எடுத்துடட்டா?”

அவர் பழக்கதோஷத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு தடத்தைக் கிட்டத்தில் பார்த்தார். விரலால் அதன் ஓரத்தைத் தொட்டார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும்.

“எங்கயும் வழுக்கி இழுக்கல அக்கா” என்றார். “அஞ்சு விரலும் தனித்தனியா கீது. குதிகால் ரவுண்டா கீது.”

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, ஒரு தடத்தையும் மிதிக்காமல் சுவரோரமாகவே சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்.